வைஃபைக்கு ஒரு திண்ணை

எனக்குச் சிதம்பரத்தில் படிப்பு, கடலூரில் வீடு. நடுவில் ஒன்றேகால் மணி நேர பஸ். இரண்டு ஊரிலும் எனக்கு ஒரே பட்டப்பெயர்தான்: 'வைஃபை தம்பி'. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற ஒரே குற்றத்துக்காக டிவி ரிமோட்டிலிருந்து வாஷிங் மெஷின் வரைக்கும் எல்லாவற்றையும் என் தலையில் கட்டுகிறார்கள். அதில் முக்கால்வாசி வைஃபைதான். "தம்பி, நெட்டு சுத்திகிட்டே இருக்குப்பா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்" என்று போன் வரும். போனால் காப்பி நிச்சயம். சில வீட்டில் முறுக்கும் உண்டு.

இப்படி அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். பாதி டெக்னிக்கல், பாதி தெருக்கதை. டெக்னிக்கல் பிடிக்காதவர்கள் இடையில் ஒரு பாராவைத் தாண்டிக் குதித்துக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் தண்ணித் தொட்டி கதை.

அண்ணாமலை நகர் பக்கம் ஒரு வீட்டு மொட்டைமாடியில் இரண்டு அறை. ஒன்றில் சீனியர்கள் நாலு பேர், இன்னொன்றில் நாங்கள் நாலு பேர். இன்டர்நெட் கனெக்ஷன் சீனியர்கள் அறையில். மாதக் காசை எட்டாகப் பிரித்துக்கொள்வோம். இரண்டு அறைக்கும் நடுவே முழங்கால் உயர மேடையில் 1,000 லிட்டர் கருப்புத் தொட்டி ஒன்று ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்.

தினமும் காலையில் ஏழு மணிக்கு எங்கள் அறையில் நெட் படுத்துவிடும். பத்து மணிக்கு மேல் தானாக எழுந்து உட்காரும். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "காலைல கம்பெனிக்காரன் ஸ்பீடைக் குறைக்கிறான்டா" என்றார் ஒரு சீனியர். ரூம்மேட் ஒருவன் மோட்டார்தான் காரணம் என்றான், ஏனென்றால் ஓனர் சரியாக ஆறரை மணிக்கு மோட்டார் போடுவார். ஓனரோ, "எட்டு பேரும் ஒரே நேரத்துல பாத்தா எப்படிப்பா வரும்?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். மூன்றுமே கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது.

போனில் சிக்னல் அளக்கிற இலவச ஆப்கள் நிறைய இருக்கின்றன. அவை டிபிஎம் என்ற கணக்கில் மைனஸ் எண்ணாகக் காட்டும். பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. மைனஸ் 50 என்றால் ராஜவாழ்க்கை. மைனஸ் 67 வரை வீடியோ கால் தாங்கும். மைனஸ் 80-ஐத் தொட்டுவிட்டால் வாட்ஸப்பில் ஒரு டிக் விழவே பிரார்த்தனை செய்ய வேண்டும். இதில் ஒரு சூட்சுமம், எண் 3 இறங்கினால் சக்தி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். 10 இறங்கினால் பத்தில் ஒரு பங்கு, 30 இறங்கினால் ஆயிரத்தில் ஒரு பங்கு. போனில் தெரியும் நாலு கோடுகளை நம்பாதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அந்தக் கோடுகளைப் போடுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே எழுந்து (ஆமாம், நான்தான்) போனை ஜன்னலில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மோட்டார் போடும் முன் மைனஸ் 65. மோட்டார் போட்ட உடனே ஒன்றும் ஆகவில்லை. தொட்டியில் தண்ணீர் ஏற ஏறத்தான் எண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தொட்டி நிரம்பி வழிந்தபோது மைனஸ் 78. மோட்டாரை நிறுத்தியும் எண் ஏறவில்லை. மோட்டார் நிரபராதி என்று அங்கேயே தெரிந்துவிட்டது. அப்போது எட்டு பேரில் ஏழு பேர் தூக்கத்தில் இருந்ததால் ஓனர் சொன்னதும் அடிபட்டுப்போனது. பிறகு எல்லோரும் குளித்துத் துவைத்து முடித்து, தொட்டி பாதியானதும் நெட் வந்தது.

விஷயம் இதுதான். வைஃபை ஓடும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாகவே உறிஞ்சும். மைக்ரோவேவ் அடுப்பும் கிட்டத்தட்ட இதே 2.45 ஜிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. (அந்த அலைவரிசையில்தான் தண்ணீர் மூலக்கூறு 'ரெசொனன்ஸ்' ஆகிறது என்று பலர் சொல்வார்கள். அது தப்பு. தண்ணீர் அதைவிட மேலே உள்ள அலைவரிசைகளை இன்னும் அதிகமாகவே உறிஞ்சும்.) நடுவில் ஆயிரம் லிட்டர் தண்ணீரை நிறுத்திவிட்டு அந்தப் பக்கத்திலிருந்து சிக்னல் வரவில்லை என்று கம்பெனிக்காரனைத் திட்டுவதில் என்ன நியாயம்? ரூட்டரைச் சீனியர்கள் அறையின் இன்னொரு மூலைக்கு, தொட்டி குறுக்கே வராத நேர்கோட்டுக்கு மாற்றினோம். ஒரு லேன் வயர் வாங்கிய செலவு மட்டும்தான். காலை ஏழு மணி பிரச்சினை அன்றோடு முடிந்தது.

அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் என் முதல் வேலை, ரூட்டருக்கு ஒரு மீட்டர் பக்கத்தில் நின்று ஸ்பீட் பார்ப்பது. அங்கே வாங்கிய எம்பிபிஎஸ் (டாக்டர் படிப்பு இல்லை, வேகம்) முழுசாக வந்தால் கம்பெனி மேல் தப்பில்லை, வீட்டின் மேல்தான் தப்பு. அங்கேயே வரவில்லை என்றால்தான் போன் போட வேண்டும். இதைச் செய்யாமல் கஸ்டமர் கேரில் அரை மணி நேரம் பாட்டுக் கேட்டவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும்.

வீட்டின் மேல் தப்பு என்றால் பெரும்பாலும் சுவர்தான். சிதம்பரத்தில் தேரோடும் நாலு வீதிகளிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் பழைய வீடுகள் ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். வாசலில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுப்படி, கொல்லை என்று போய்க்கொண்டே இருக்கும். சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒன்றரை அடி கனம். கனெக்ஷன் கொடுக்க வருபவர் வயர் மிச்சம் பிடிக்க வாசல் பக்கமே பெட்டியை மாட்டிவிட்டுப் போவார். வீட்டில் எல்லோரும் இருப்பது கூடத்திலும் அடுப்படியிலும். அப்படி ஒரு வீட்டில் வாசலில் மைனஸ் 42, அடுப்படியில் மைனஸ் 83. மாமி கோலம் போடும்போது மட்டும்தான் வீடியோ ஓடும். 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது என்று கேள்விப்பட்டு அதை மட்டும் ஆன் செய்து வைத்திருந்தார்கள். அலைநீளம் 12 சென்டிமீட்டர் சொச்சம் உள்ள 2.4-ஏ அந்தச் சுவரில் மூச்சு வாங்குகிறது. அதில் பாதி அலைநீளம் உள்ள 5 எங்கே போகும்?

அங்கே 'ரிப்பீட்டர்' ஒன்றை வாங்கி நடுவில் செருகச் சொன்னார்களாம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. சாதா ரிப்பீட்டர் ஒரே காற்றில் ஒருமுறை கேட்டு, அதையே மறுபடி சொல்ல வேண்டும். அதனால் வேகம் பாதிக்குக் கீழே போய்விடும். வாசலிலிருந்து கூடத்துக்கு ஒரு லேன் வயர் இழுத்து, அதன் முனையில் பரணில் கிடந்த பழைய ரூட்டரை அக்சஸ் பாயின்ட்டாக மாற்றி மாட்டினால் வேலை முடிந்தது. அந்தப் பழைய ரூட்டரில் டிஹெச்சிபியை ஆஃப் செய்ய மறக்கக்கூடாது. இல்லையென்றால் ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் முகவரி எழுதிக் கொடுப்பார்கள், யாருக்கும் தபால் போய்ச் சேராது. முற்றம் இருக்கும் வீடாக இருந்தால் இன்னும் சுலபம். முற்றத்து ஓரத்தில் வைத்தால் நாலு பக்கமும் திறந்தவெளி. அந்தக் காலத்தில் வீடு கட்டியவர்கள் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விட்ட வழியில்தான் வைஃபையும் போகிறது.

இரும்பு பீரோவுக்குப் பின்னால் ரூட்டரை ஒளித்து வைப்பவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிப் புத்தகமே போடலாம். விட்டுவிடுகிறேன்.

சேனல் பற்றி மட்டும் சுருக்கமாக. 2.4-இல் நம் நாட்டில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் பக்கத்தில் உள்ளவற்றின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மூன்றுதான். ஒரே சேனலில் இரண்டு வீடு இருந்தால் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பார், ரேஷன் கடை க்யூ மாதிரி. மெதுவாகப் போகும், ஆனால் போகும். 'எல்லோரும் 6-இல் இருக்கிறார்கள், நான் புத்திசாலித்தனமாக 8-க்குப் போகிறேன்' என்று போனால் க்யூவும் கிடையாது, வெறும் கூச்சல்தான். ஆருத்ரா தரிசனத்துக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் கூட்டம் வரும்போது கீழவீதியில் நின்று ஆப்பைத் திறந்து பாருங்கள். ஆளாளுக்குப் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு மூன்று சேனலிலும் மூச்சு விட இடமிருக்காது. அன்றைக்கு எந்த ரூட்டரைத் திட்டியும் பிரயோஜனமில்லை.

பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாகக் கண்ணடித்தால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். பைபர் வயர் வழியாக வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். எலி கடித்திருக்கும், அல்லது உயரமான லாரி ஒன்று இழுத்துக்கொண்டு போயிருக்கும், அல்லது தேருக்காகக் குறுக்கு வயரைக் கழற்றியிருப்பார்கள். ரீஸ்டார்ட் செய்தாலும் கற்பூரம் காட்டினாலும் வராது. கேபிள் அண்ணனைத்தான் கூப்பிட வேண்டும்.

இனி கடலூர் கதைக்கு வருகிறேன். நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதைத்தான்.

எங்கள் வீடு பழைய நகரத்தில் (ஓ.டி. என்றால்தான் கண்டக்டருக்குப் புரியும்). பக்கத்து வீட்டு அத்தை சொந்த அத்தை இல்லை, ஆனால் சொந்தத்தைவிட மேலே. 2020 லாக்டவுனில் அத்தை பெண்ணுக்கு ஆன்லைன் வகுப்பு. அப்போது அம்மாதான் பாஸ்வேர்டைக் கூப்பிட்டுக் கொடுத்தார். கொடுத்ததில் எங்கள் வீட்டில் யாருக்கும் இன்றுவரை வருத்தமில்லை. பாஸ்வேர்ட் வேறெதுவும் இல்லை, அப்பாவின் மொபைல் நம்பர்தான். உங்கள் வீட்டிலும் அதுவாகத்தான் இருக்கும், சிரிக்காதீர்கள்.

2024 கோடை விடுமுறையில் ரூட்டரைத் திறந்து யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். 27 கருவிகள். எங்கள் வீட்டில் இருப்பது ஆறு. அத்தை வீட்டில் நாலு. மீதி 17 யார்? தெருமுனை டீக்கடை வரை போய்க் கண்டுபிடித்தேன். கடைக்கு வரும் பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் வைஃபையில் கேம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேரை எனக்கு யாரென்றே தெரியாது. அத்தை பெண் தோழிக்குச் சொல்ல, தோழி தம்பிக்குச் சொல்ல, தம்பி தெருவுக்குச் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான்.

மாற்றப்போகிறேன் என்று முன்கூட்டியே அத்தை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அத்தை முகம் மாறிவிட்டது. "ஏன்பா, அன்லிமிடெட்தானே? எங்களுக்குக் குடுத்தா உங்களுக்கு என்ன கொறஞ்சு போவுது? இப்ப நாங்க அந்நியமாப் போயிட்டமா?" அந்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை வரும் சுண்டல் கிண்ணம் வரவில்லை. அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கிண்ணம் வைக்கும் இடத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்.

அத்தை கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. சித்தப்பா சொல்லுவார், 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்த காலத்தில் மாதத்துக்கு இவ்வளவு எம்பி என்று கணக்கு இருந்ததாம். அதைத் தாண்டினால் பில் எகிறும். ராத்திரி இரண்டு மணியிலிருந்து காலை எட்டு வரை மட்டும் கணக்கில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்று ஒரு பிளான் இருந்ததால் அலாரம் வைத்து எழுந்து டவுன்லோட் போடுவார்களாம். அன்றைக்குப் பூட்டு என்பது காசுக்கான பூட்டு. பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது நிஜமாகவே உங்கள் குடத்திலிருந்து ஊற்றிக் கொடுப்பது. இன்றைக்குக் குடம் வற்றுவதில்லை. அதனால் பூட்டுகிறவன் கஞ்சன் போலத் தெரிகிறான்.

ஆனால் பூட்டு காசுக்காக மட்டும் இல்லை. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் டிவி சேனல்களுக்கு ஒரு மிரட்டல் மெயில் வந்தது. அதன் ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போலீஸ் போய் நின்ற இடம் நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த ஃபிளாட். அவர் வீட்டு வைஃபைக்குப் பூட்டு இல்லை. யாரோ அதன் எல்லைக்குள் நின்று மெயிலை அனுப்பிவிட்டுப் போய்விட்டார்கள். கம்ப்யூட்டர்களைப் பறிமுதல் செய்தார்கள், அவரை நாள்கணக்கில் விசாரித்தார்கள். கடைசியில் அவருக்குச் சம்பந்தமில்லை என்று தெரிந்தது. ஆனால் அதுவரைக்கும்? அதே வருடம் செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பு மெயிலும் மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபை வழியாகத்தான் போனது. மறுவருடம் மும்பை போலீஸ் பூட்டாத வைஃபைகளைத் தேடித் தெருத்தெருவாகச் சுற்றியது. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை வைஃபையைப் பாதுகாப்பாக வைக்கச் சொல்லி இன்டர்நெட் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. பொது இடத்து வைஃபையில் போன் நம்பர் கொடுத்து ஓடிபி போட்டால்தான் உள்ளே விடுகிறார்கள் இல்லையா, அதற்கு விதை போட்டது இதுதான்.

ஒரு வீட்டில் எத்தனை போன் இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே முகவரி. அது அப்பா பெயரில் இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் இருக்கும் அந்த முகம் தெரியாத பையன் ஒருவரைக் கேவலமாக மிரட்டி எழுதினாலோ, யாருடைய பணத்தையாவது சுருட்டினாலோ, முதலில் கதவு தட்டப்படுவது எங்கள் வீட்டில். அப்பாவுக்கு வயது 56, சர்க்கரை இருக்கிறது. விசாரணை முடிந்து 'சம்பந்தமில்லை' என்று சொல்லும்வரை அவர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இதை அத்தையிடம் சொன்னேன். "எங்க வீட்டுப் பொண்ணு அப்படிப்பட்டவளா?" என்று கேட்டார். அதற்கு மேல் என்ன பேசுவது?

பூட்டு போட்டால் சும்மா போடக்கூடாது, எந்தப் பூட்டு என்பது முக்கியம். ஆரம்பத்தில் வந்த வெப் என்ற பூட்டின் அடிப்படை ஓட்டையை 2001-லேயே ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூவர் காட்டிவிட்டார்கள். 2007-இல் ஒரு நிமிடத்துக்குள் திறந்து காட்டினார்கள். பழைய பெட்டியில் வெப் மட்டும்தான் இருக்கிறது என்றால் பெட்டியையே மாற்றிவிடுங்கள். 2004-இல் வந்த டபிள்யூபிஏ2 இன்றும் பரவாயில்லை. 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 இருந்தால் ரொம்ப நல்லது. ரூட்டரின் முதுகில் டபிள்யூபிஎஸ் என்று ஒரு பட்டன் இருக்கும். அதற்குப் பின்னால் எட்டு இலக்க பின் ஒன்று உண்டு. எட்டு இலக்கம் என்றால் கோடிக்கணக்கில் முயல வேண்டும் என்றுதானே நினைப்போம்? அதை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் கணக்குப் போட்டால் தானே வந்துவிடும். முதல் பாதிக்கு 10,000, இரண்டாம் பாதிக்கு 1,000. மொத்தம் 11,000 முயற்சியில் கதவு திறந்துவிடும். ஸ்டெஃபான் ஃபீபெக் என்பவர் இதை வெளியிட்டது 2011 டிசம்பரில், எங்கள் ஊரைத் தானே புயல் புரட்டிப்போட்ட அதே வாரத்தில். இங்கே கரண்டே இல்லாததால் எங்கள் தெருவில் யாரும் கவலைப்படவில்லை. இப்போது கவலைப்பட்டு அதை ஆஃப் செய்துவிடுங்கள்.

இனி மொபைல் நம்பர் பாஸ்வேர்ட். பத்து இலக்கம், முதல் இலக்கம் 6, 7, 8, 9-இல் ஒன்று. மொத்தமே 400 கோடி நம்பர்தான் சாத்தியம். உங்கள் போன் ரூட்டரோடு கைகுலுக்கும் அந்த ஒரு நொடியை ஒருவர் பதிவு செய்துகொண்டு போய்விட்டால், பிறகு வீட்டில் உட்கார்ந்து சாவகாசமாக முயலலாம். கேம் ஆட வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு ஐந்து லட்சம் முயலும் என்று வைத்தால்கூட 8,000 நொடி, அதாவது இரண்டேகால் மணி நேரம். ஒரு சினிமா நேரம்! அதிலும் அப்பா நம்பர் வாசலில் பெயர்ப் பலகையில் இருந்தால் கார்டே வேண்டாம். சம்பந்தமில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். 63 எழுத்து வரை இடமிருக்கிறது. ஆயா வாயால் சொல்ல முடிகிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது.

பெயரை மறைத்து வைப்பது, மேக் அட்ரஸ் ஃபில்டர் போடுவது இரண்டையும் பெரிய பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இரண்டுமே வீண். பெயரை மறைத்தால் உங்கள் போன் போகிற இடமெல்லாம் 'அந்த நெட்வொர்க் இருக்கிறதா?' என்று கூவிக்கொண்டே போகும். மேக் அட்ரஸ் காற்றில் அப்பட்டமாகவே போகிறது, எவரும் பார்த்துக் காப்பியடிக்கலாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14-க்குப் பிறகு போன்கள் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு கற்பனை மேக் அட்ரஸைக் காட்டுவதால் ஃபில்டரில் மாட்டுவது வீட்டு ஆட்கள்தான். அதைவிட ரூட்டரின் உள்ளே நுழையும் 'அட்மின்' பாஸ்வேர்டை மாற்றுங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை.

இதெல்லாம் சரி, கிண்ணம்?

எங்கள் வீட்டில் முன்பு திண்ணை இருந்தது. தானேவுக்குப் பிறகு வீட்டை ரிப்பேர் பார்த்தபோது அப்பா அதை இடித்துவிட்டு கிரில் கேட் போட்டார். ஆயா இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவார். திண்ணையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், மோர் கேட்கலாம், மழைக்கு ஒதுங்கலாம். ஆனால் உள்கதவு தாண்ட மாட்டார்கள். ஆயாவுக்கு 'கெஸ்ட் நெட்வொர்க்' என்றால் என்ன என்று விளக்க நான் திணறியபோது அவரே, "அட, திண்ணைன்னு சொல்லேன்டா" என்றார். அதைவிட நன்றாக எந்த மேனுவலிலும் நான் படித்ததில்லை.

கம்பெனி கொடுக்கும் சாதாரணப் பெட்டியிலேயே பெரும்பாலும் எஸ்எஸ்ஐடி 2, 3 என்று கூடுதல் பெயர்கள் வைக்க இடமிருக்கும். இரண்டாவதை ஆன் செய்தேன். ஐசொலேஷன் போட்டேன், அதாவது அங்கே இருப்பவர்கள் இன்டர்நெட்டுக்குப் போகலாம், ஆனால் எங்கள் லேப்டாப்பையோ பிரின்டரையோ, அடுத்தவர் போனையோ பார்க்க முடியாது. வேகம் 10 எம்பிபிஎஸ். பெயரைத் தமிழிலேயே 'திண்ணை' என்று வைத்தேன். எஸ்எஸ்ஐடிக்கு 32 பைட் வரைதான் இடம், ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். திண்ணைக்கு 18 போதும். 'பக்கத்து வீட்டு' என்று வைத்திருந்தால் 43, உள்ளே நுழைந்திருக்காது. பாஸ்வேர்ட் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி மாறும். அம்மா கையால் ஒரு சீட்டு அத்தை வீட்டுக்குப் போகும். இதிலும் வெளியே தெரியும் முகவரி அப்பா பெயரில் உள்ள அதே முகவரிதான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இப்போது உட்கார்ந்திருப்பது யார் என்று எங்களுக்குத் தெரியும். சீட்டு தெருவுக்குப் போனாலும் அடுத்த மாதம் செல்லாது.

அத்தை முதல் சீட்டை வாங்கி டிவி மேல் வைத்தார். இரண்டு மாதம் பயன்படுத்தவே இல்லை. ரூட்டரைப் பார்த்தால் தெரியுமே!

பிறகு ஃபெஞ்சல் வந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அதோடு விட்டதா? அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் தெருவில் கரண்ட் ஒன்றரை நாள் இல்லை. மொபைல் டவர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பைபர் லைனுக்குத் தெருவில் கரண்ட் தேவையில்லை, இரண்டு முனையிலும் இருந்தால் போதும். அந்த முனையில் கேபிள் அண்ணன் ஜெனரேட்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். இந்த முனையில் நான் முன்பே வாங்கி வைத்திருந்த மினி யுபிஎஸ். நம் பெட்டிக்கு 12 வோல்ட் டிசிதான் வேண்டும், அதனால் பெரிய இன்வெர்ட்டர் இல்லாமலே கையளவு யுபிஎஸ் நாலு மணி நேரம் இழுக்கும். (வாங்கும் முன் அடாப்டரில் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள். 9 வோல்ட் பெட்டிக்கு 12 கொடுத்தால் பெட்டி போய்ச் சேரும்.) மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஆன் செய்தோம்.

அத்தை வீட்டு மாமா குவைத்தில். ராத்திரி முழுக்கப் போன் கிடைக்காமல் அவர் அங்கே என்ன பாடுபட்டாரோ. காலையில் கேட் அருகே, முன்பு திண்ணை இருந்த இடத்தில், அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். அத்தை அந்தச் சீட்டோடு வந்து உட்கார்ந்தார். டிசம்பர் மாதச் சீட்டு நனைந்து எழுத்து கரைந்திருந்தது, நான் வாயால் சொல்லச் சொல்ல அவர் பெண் தட்டினாள். வீடியோ போகவில்லை, குரல் மட்டும் போனது. மாமா அழுதது கேட் வரை கேட்டது. அதன் பிறகு எதிர் வீட்டுக்காரர் வந்தார், டீக்கடைக்காரர் வந்தார், முன்பு யாரென்று தெரியாத அந்தப் பையன்களில் ஒருவனும் வந்தான். ஒவ்வொருவருக்கும் நாற்காலியில் மூன்று நிமிடம். அப்பா பக்கத்திலேயே நின்று பெயர், வீடு எல்லாம் விசாரித்துக்கொண்டார். அந்தப் பையன் சுனாமி நகர்ப் பக்கமாம், தாத்தா வள்ளத்தில் போகிறவராம்.

சுண்டல் மறுபடி வருகிறது, ஆனால் எல்லா வெள்ளியும் இல்லை. அத்தைக்கு இப்போது வேறொரு குறை. "திண்ணைன்னு பேரு வச்ச, ஃபேன் போடலியே" என்கிறார், 10 எம்பிபிஎஸ்ஸில் சீரியல் நின்று நின்று வருகிறதாம். 15 ஆக்கச் சொல்லி அம்மா மூலமாகக் கேட்டிருக்கிறார். செமஸ்டர் முடிந்து ஊருக்குப் போகும்போது மாற்ற வேண்டும்.